சொட்டும் குழாயும் நம் கடமையும்



சமையலறைக் குழாய் ஒழுகினால் அன்றே ஆளைக் கூப்பிடுகிறோம். கொல்லைப்புறக் குழாய் சொட்டினாலோ மாதக்கணக்காய்ப் பொறுத்துக்கொள்கிறோம். "கிணறு என்னுடையது, மின்சாரக் கட்டணமும் நானே கட்டுகிறேன், இதில் பிறருக்கென்ன நஷ்டம்?" என்று ஒருவர் கேட்கலாம். இக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு. ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி லிட்டர். ஆகவே நாளுக்கு 4 லிட்டருக்கு மேல். வருஷத்துக்கு 1,500 லிட்டருக்கு மேல். 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 100 குடம். இதனால் நாட்டில் பஞ்சம் வந்துவிடாது என்பது மெய்தான். ஆயினும் இடுப்பில் குடம் சுமந்து பழகிய தாய்மாரைக் கேளுங்கள், 100 குடம் அற்பமா என்று.

நாம் கட்டும் பணம் தண்ணீரை மேலேற்றும் கூலியே, தண்ணீரின் விலையன்று. நிலத்தடி நீர் மதில்சுவரை அறியாது. நம் கிணற்றில் ஊறுவதும் அண்டை வீட்டார் கிணற்றில் ஊறுவதும் பெரும்பாலும் ஒரே நீர்தான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றிவர வேண்டியதாயிற்று. சொந்தக் கிணறு வைத்திருந்தவர் பலரும் அக்காலத்தில் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றார்கள்.

இனி, பழுது பார்ப்பது யார் கடமை? வீட்டுக்காரர் வாடகைக்காரரைச் சொல்வார். அவர் இவரைச் சொல்வார். குழாய் இருவருக்காகவும் காத்திராமல் சொட்டும். செலவு யாருடையது என்பதைப் பிறகு பேசித் தீர்க்கலாம். நிறுத்தும் கடமையோ, காண்கிறவரும் செய்யக்கூடியவரும் யாரோ அவருடையது. தனித்திருக்கும் முதியவரிடம் இதைக் குற்றமாகச் சொல்லலாகாது. அங்கே கைவேலை தெரிந்த பக்கத்து வீட்டு வாலிபனுக்கே கடமை உண்டு.

வேலையும் பெரிதல்ல. திருகு குழாயின் வாயில் சொட்டினால், பெரும்பாலும் உள்ளேயுள்ள வாஷர் தேய்ந்திருக்கும். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து மீதித் தண்ணீரை வடியவிடுங்கள். ஸ்பானரால் தலைப்பகுதியைக் கழற்றி, அதே அளவு வாஷரைப் போட்டு மூடுங்கள். வாஷர் அமரும் இடம் அரித்துப்போயிருந்தால் புது வாஷரும் நிலைக்காது. குழாயையே மாற்றுவது நலம். அப்போது மரையில் டெஃப்லான் நாடாவைச் சுற்றிப் பூட்டவேண்டும். கால் திருப்பில் மூடும் புதுவகைக் குழாய்கள் பலவற்றில் இவ்வித வாஷர் கிடையாது, உள்பாகத்தையே மாற்றவேண்டும்.

போலிப் பரிகாரங்கள் மூன்று உண்டு. பலங்கொண்டு இறுக்கினால் வாஷர் இன்னும் நசுங்கும். துணியைக் கட்டினால் சத்தம் நிற்குமேயன்றிச் சொட்டு நிற்காது. கீழே வாளியை வைத்து ஒரு வாரம் மறந்தால் அதில் டெங்கு பரப்பும் கொசு வளரும். மூன்றும் நம் மனச்சாட்சியின் வாயை அடைக்கின்றன. குழாயின் வாயை அடைக்கவில்லை.

பெரிய அநியாயங்களைக் கண்டு வருந்துகிறோம். அவற்றில் அநேகம் நம் கைக்கு எட்டாதவை. இதுவோ ஒரு சிறு வாஷரும் அரைமணி நேரப் பிரயாசையும் மாத்திரமே கேட்கிறது. எளிதாய்ச் செய்யக்கூடியதை நாளைக்கென்று தள்ளுவதே அசட்டையின் ஆரம்பம். ஆதலால், இன்று வெயில் தாழ்ந்தபின் கொல்லைப்புறம் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.