சங்கல்பம் இல்லாத மலைப்பயணம்

சங்கல்பம் செய்துகொண்டு கிளம்புவதே யாத்திரை என்பது சாத்திர மரபு. காஞ்சிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, வெயில் தாங்காமல் திடீரென்று காரில் புறப்பட்டுத் திருமலையில் குளிர்காற்று வாங்கி, இரவே வீடு திரும்பினால் அது புண்ணியக் கணக்கில் சேருமா?

வைணவ ஆசாரியர்கள் இதைச் சில்லறைக் கேள்வியாக ஒதுக்கவில்லை. அறியாமல் நேரும் நன்மையை அவர்கள் அஜ்ஞாத சுகிருதம் என்றார்கள். பேச்சுவாக்கில் பெருமாளின் ஊர்ப்பெயரைச் சொன்னவனுக்குக்கூட அவர் தாமே நன்மையை ஏற்றி எழுதிக்கொள்கிறார் என்கிறது பிள்ளை லோகாசாரியரின் ஸ்ரீவசன பூஷணம். அருளுக்குக் காரணமே வேண்டாம் என்பது தென்கலைக் கொள்கை. காஞ்சித் தூப்புலில் 1268-இல் பிறந்த வேதாந்த தேசிகரோ, வியாஜம் என்ற ஒரு சாக்காவது வேண்டும் என்பார். இல்லாவிட்டால் ஒருவருக்கு அருளி மற்றவரை விட்டது பாரபட்சம் ஆகிவிடும். தர்க்கத்தில் தேசிகர் பக்கம் வலுவானது. ஆனாலும் போகிறபோக்கில் போட்ட ஒரு கும்பிடே சாக்காகப் போதுமென்றால் இரு தரப்புக்கும் இடைவெளி பெரிதில்லை.

பெருமாளும் பயணம் போகிறவர்தான். மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து, அப்பன் வேங்கடேசர் கோயில்கொண்ட திருமுக்கூடலுக்கு வருகிறார். சுற்றுவட்டாரப் பெருமாள்களும் அங்கே கூடுகிறார்கள். எங்கும் நிறைந்தவருக்கு இந்த உலா எதற்கு? பிரம்ம சூத்திரம் படைப்பையே பயன் கருதாத லீலை என்கிறது. அந்த நியாயப்படி, குளிருக்காக மலையேறிய குடும்பத்தைக் கணக்கிலிருந்து தள்ள இடமில்லை.