அரசு மருத்துவமனை நிர்வாகத்திடம் கணக்குக் கேட்பது சந்தேகமா, கடமையா?

 



நம் மஹல்லாவில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தாலும், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தாலும், பெரும்பாலான வீடுகளில் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். அங்கே பழுதான கழிப்பறையை எந்தப் பணத்தில் சரிசெய்வது, வந்த நன்கொடையை எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்ய ஒரு குழு இருக்கிறது. அந்தக் குழுவிடம் போய்க் கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டா? உரிமை இருக்கட்டும், அது நம்மீது கடமையும் ஆகுமா? இன்றைய பயான் இதைப் பற்றித்தான்.

மார்க்கத்தைப் பேணுகிற சிலர் இதில் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனத்தில், அதிகமான சந்தேகங்களை விட்டு விலகும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். பிறர் குறையைத் துருவிப் பார்ப்பதையும் புறம் பேசுவதையும் தடுக்கிறான். ‘ஹஜ்ரத், அந்தக் குழுவில் இருப்பவர்கள் நல்ல மனிதர்கள்தானே? கணக்குக் கேட்டால் அவர்களைத் திருடன் என்று சொன்னதாக ஆகாதா?’ என்று கேட்கிறார்கள்.

ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். காதிஸிய்யா போரின் தளபதி. உமர் (ரலி) அவர்கள் அவரைக் கூஃபாவின் ஆளுநராக வைத்திருந்தார்கள். கூஃபாவாசிகள் அவர்மீது புகார் கொண்டுவந்தார்கள். அவருக்கு ஒழுங்காகத் தொழவைக்கத் தெரியவில்லை என்பது வரை புகார் போனது! உமர் (ரலி) அவரை அழைத்துக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தொழவைத்தது போலத்தான் தொழவைத்தேன், இஷாவில் முதல் இரண்டு ரக்அத்களை நீட்டுவேன், பிந்திய இரண்டைச் சுருக்குவேன் என்று அவர் விளக்கினார். உம்மைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்றார்கள் உமர் (ரலி).

அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அவரோடு ஆட்களைக் கூஃபாவுக்கு அனுப்பினார்கள். அவர்கள் ஒரு பள்ளிவாசலையும் விடாமல் போய், அங்கிருந்த சாதாரண மக்களிடம் அவரைப் பற்றி விசாரித்தார்கள். இது புகாரியில் பதிவாகியிருக்கிற செய்தி.

கவனியுங்கள். உமர் (ரலி) அவர்களுக்கு ஸஅத் (ரலி) அவர்கள்மீது நல்லெண்ணம் இருந்தது. அதை அவரிடமே சொன்னார்கள். பிறகும் விசாரணையை நிறுத்தவில்லை. நல்லெண்ணம் உள்ளத்தின் வேலை. விசாரணை பொறுப்பின் வேலை. ஒருவரை நல்லவர் என்று நம்பிக்கொண்டே அவரிடம் கணக்கும் கேட்கலாம். ஸஅத் (ரலி) அவர்களும், என்னையா விசாரிக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு போகவில்லை. விசாரிக்க வந்தவர்களோடு கூடவே கூஃபாவுக்குப் போனார்கள். பின்னாளில் மரணப் படுக்கையில், அவருடைய இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரை நீக்கவில்லை என்று உமர் (ரலி) தெளிவுபடுத்தி, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்கும் ஆறு பேரில் அவரையும் வைத்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எல்லாப் பள்ளிவாசல்களிலும் நல்லதே சொன்னார்கள். பனூ அப்ஸ் பள்ளிவாசலில் மட்டும் ஒருவர் எழுந்து, ஸஅத் படையோடு போவதில்லை, சமமாகப் பங்கிடுவதில்லை, நீதியாகத் தீர்ப்பளிப்பதில்லை என்றார். இவர் பொய்யராக இருந்து, பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுந்து நின்றிருந்தால், இவருடைய ஆயுளையும் வறுமையையும் நீட்டி, சோதனைகளுக்கு ஆளாக்கு என்று ஸஅத் (ரலி) அவர்கள் துஆ செய்தார்கள். அது அப்படியே பலித்தது. கணக்குக் கேட்கும் உரிமை, வாயில் வந்ததைச் சொல்லும் உரிமை ஆகாது. கையில் ஆதாரம் இல்லாமல் ‘கமிஷன் அடிக்கிறார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிற பிள்ளைகள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

‘மக்கள் எதற்கு? மேலதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று ஒரு பேச்சும் உண்டு. எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன் ஹிஜ்ரி 259-இல் ஒரு மருத்துவமனை கட்டினார். உள்ளே வரும் நோயாளியின் உடையையும் பணத்தையும் பொறுப்பாளர் வாங்கிப் பத்திரப்படுத்தி, வேறு உடை கொடுப்பார். கோழியும் ரொட்டியும் சாப்பிடும் அளவுக்குத் தேறினால்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை தோறும் இப்னு தூலூனே நேரில் போய் மருந்துக் கிடங்கையும், மருத்துவர்களையும், நோயாளிகளையும் பார்ப்பார். ஒரு நாள் மனநோயாளிகளுடன் அடைக்கப்பட்டிருந்த ஒருவர், தனக்கு ஒரு பெரிய மாதுளம்பழம் வேண்டும் என்று கேட்டார். கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, அசந்த நேரம் பார்த்து இப்னு தூலூனின் நெஞ்சிலேயே எறிந்துவிட்டார். உடையெல்லாம் பழச்சாறு. அதன்பிறகு அவர் அந்த மருத்துவமனைப் பக்கம் போகவே இல்லை என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதுகிறார்.

நல்ல ஆட்சியாளர்தான், நல்ல நோக்கம்தான். ஆனாலும் கண்காணிப்பு ஒரே மனிதரின் காலைச் சார்ந்திருந்ததால் ஒரு மாதுளம்பழத்தோடு நின்றுபோனது. நம் ஊரிலும் ஒரு கலெக்டர் திடீர் ஆய்வுக்கு வருகிறார், ஒரு வாரம் தரை பளபளக்கிறது, அவர் மாற்றலாகிப் போனதும் பழைய கதை. அங்கே படுக்கப்போகிறவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும்தான் வருடம் முழுக்க இருப்பவர்கள்.

அதற்கான வழி சட்டத்திலேயே இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாது. 1994-இல் சூரத்தில் பிளேக் பரவியபோது, மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் எலிகள் நிறைந்து கிடந்த மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையைக் காலி செய்து சுத்தப்படுத்தினார்கள். பொதுமக்களும் பணம் கொடுத்தார்கள். அது மறுபடி கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள ‘ரோகி கல்யாண் சமிதி’ என்று ஒரு குழு அமைத்தார்கள். 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் இந்த முறையை நாடு முழுவதற்கும் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் அதற்கு நோயாளர் நலச் சங்கம் என்று பெயர். அதிகாரிகளும் மருத்துவர்களும் மட்டும் இருக்க வேண்டிய குழு அல்ல அது. மக்கள் பிரதிநிதிகளுக்கும், தொண்டு அமைப்புகளுக்கும், ஊர் மக்களுக்கும் அதில் இடம் உண்டு. அரசு தரும் நிதியும் நன்கொடையும் அதன் கையில் வருகின்றன. சில மாநிலங்களில் இப்படிப்பட்ட சங்கங்கள் ஏழைகளும் வருகிற மருத்துவமனையில் கட்டணம் வசூலிக்கவும் முடிவெடுத்தன. அப்படி முடிவெடுக்கும்போது அந்த அறையில் ஏழையின் சார்பில் யார் உட்கார்ந்திருந்தார்? அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் ஏவுகிறான் (4:58). அந்தப் பணத்துக்கு உரியவர் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறவர்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். அந்தக் குழுவில் நமக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நாம் என்ன செய்கிறோம்? ‘காக்கா, நம்ம மச்சானுக்கு ஸ்கேன் நாளைக்கே எடுக்கணும், ஒரு போன் போட்டுச் சொல்லுங்க’ என்கிறோம். அவரும் சொல்கிறார். மூன்று வாரமாகக் காத்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியின் முறை தள்ளிப்போகிறது. நல்லதற்குச் சிபாரிசு செய்தவருக்கு அதில் பங்கு உண்டு, தீயதற்குச் சிபாரிசு செய்தவருக்கு அதன் சுமையில் பங்கு உண்டு என்று குர்ஆன் எச்சரிக்கிறது (4:85). உயிருக்கு ஆபத்தான நேரத்தில் உதவி கேட்பதை நான் சொல்லவில்லை. இந்தச் சிபாரிசால் இன்னொரு பாதிப்பும் வருகிறது. அவரிடம் சலுகை வாங்கிய நாக்கு, அவரிடம் கணக்குக் கேட்கத் துணியாது. நம் ஊர்களில் பலர் வாய் மூடி இருப்பதற்கு நல்லெண்ணத்தை விட இந்தக் கடன்தான் காரணம் என்பது என் கருத்து.

யாரிடம் கேட்பது என்பதிலும் தெளிவு வேண்டும். இரவு முழுக்க எண்பது நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் நர்ஸம்மாவிடம் போய்க் கத்துவது கண்காணிப்பு ஆகாது. அது அநியாயம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எண்பது பேருக்கு ஏன் ஒருவர் என்று கேட்க வேண்டிய இடம் நிர்வாகம். சங்கத்தின் உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன தீர்மானம் போட்டார்கள், வந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்ல மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். கணக்கு நேராக இருந்தால் அதையும் பள்ளிவாசலில் நின்று சொல்ல வேண்டும். கூஃபாவாசிகளில் பெரும்பாலோர் அதைத்தான் செய்தார்கள்.

ஜனாஸா தொழுகையைப் போல இதுவும் ஃபர்ளு கிஃபாயா என்றே நான் கருதுகிறேன். சிலர் செய்தால் எல்லோர் மீதுள்ள பொறுப்பும் நீங்கும். யாருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். ஜமாஅத்தில் கணக்குப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், படித்த பெண்கள் இருக்கிறார்கள். பிற சமுதாயத்துச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்டில் எல்லோரும் அடுத்தடுத்த கட்டிலில்தான் படுத்திருக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் அஸர் தொழுகைக்குப் பின் முத்தவல்லியிடம் பெயர் கொடுங்கள். முதல் மனுவை நானே உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.

இந்த நேரத்தில் மருத்துவமனைகளில் வேதனையோடு படுத்திருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.