வாடகை போக மீதியில் பரக்கத்

மண்ணடியில் குடியிருப்பவருக்குத் தெரியும், சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். பள்ளிவாசலும் மதரஸாவும் பக்கத்தில் வேண்டும் என்றுதான் இங்கே இருக்கிறோம். மீதியில் நிம்மதியாக வாழ்வது எப்படி?

"அல்லாஹ் கொடுப்பான், கணக்கு எதற்கு?" என்கிறார்கள் சிலர். அது தவக்குல் அல்ல. நபி (ஸல்) அவர்கள் பனூ நளீர் தோட்டத்துப் பேரீச்சம் பழங்களை விற்று, குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்ததாக உமர் (ரலி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. தவக்குலில் அவர்களை மிஞ்சியவர் யார்?

கணவர் போதிய செலவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டார்கள். தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதை நியாயமாக எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். நம் வீடுகளில் எத்தனை பெண்களுக்குக் கணவரின் சம்பளம் தெரியும்? தெரியாதவர் எதை வைத்துத் திட்டமிடுவார்? மாதக் கடைசியில் மளிகைக் கடன், பிறகு நகை அடகு, அதற்கு வட்டி. வட்டி எவ்வளவு பெரிய பாவம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விருந்தாளி வந்தால் பிரியாணிதான் போட வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் இல்லை!

சம்பளம் வந்த இரவே மனைவியோடு உட்காருங்கள். வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் ஃபீஸை முதலில் ஒதுக்குங்கள். அரிசி, எண்ணெயை மொத்தமாக வாங்குங்கள். ஸதகாவையும் அப்போதே எடுத்து வையுங்கள், பத்து ரூபாயானாலும் சரி.