கோணல் கூடம்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாக்குச் சொல்கிறவனை மடக்க நம்மிடம் உள்ள கூர்மையான பழமொழி இது. ஆனால் இதில் ஒரு அநியாயம் இருக்கிறது. கூடம் உண்மையிலேயே கோணலாக இருந்திருக்கலாம் என்பதைப் பழமொழி யோசிப்பதே இல்லை. அவளுக்கு ஆடத் தெரியாது என்று தீர்மானித்துவிட்டுத்தான் அவள் பேச்சையே காதில் வாங்குகிறது.

இந்தப் பிரச்னையை ஸ்தூலமான வடிவில் பார்க்க வேண்டுமானால் சைக்ளோகிராஸ் பந்தயத்தைப் பார்க்கலாம். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் இலையுதிர் காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் நெடுக நடப்பது. பிரான்சில் 1902லேயே தேசியப் பந்தயம் நடந்திருக்கிறது. முதல் உலகப் பந்தயம் 1950ல் பாரிஸில். சேறு, மணல், புல்சரிவு, மரத்தடுப்பு இவற்றால் ஆன மூன்று கிலோமீட்டர் அளவிலான பாதையை ஏறக்குறைய ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். ஓட்ட முடியாத இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். கருவி மனிதனைச் சுமப்பதும் மனிதன் கருவியைச் சுமப்பதும் ஒரே பந்தயத்துக்குள் மாறி மாறி நிகழ்கின்றன.

முன்னணி வீரனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சைக்கிள்கள். அவன் ஒன்றில் சுற்றிவரும்போது மற்றதைப் பாதையோரத்தில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவித் தயாராக வைத்திருக்கிறார்கள். விதி இதை அனுமதிக்கிறது. அதே விதி, டயரின் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்று கறாராகவும் சொல்கிறது. டயரில் சமத்துவம், சைக்கிள்களின் எண்ணிக்கையில் இல்லை. உள்ளூர்ப் பந்தயத்தின் கடைசி வரிசையில் சாதாரண ரோட்டு சைக்கிளோடு வந்து நிற்கிறானே ஒருவன், அவனுக்கு இருப்பது ஒன்றே. பிரேக்குக்கும் டயருக்கும் இடையே விரல் நுழைய இடமில்லாத சைக்கிள். சேறும் புல்லும் அங்கே அடைத்துக்கொண்டு சக்கரம் சுழல மறுக்கும். தோளில் தூக்கினால் அப்பிய சேற்றையும் சேர்த்துத் தூக்க வேண்டும். அவன் கடைசியாக வருகிறான். தோற்றது யார்?

சைக்கிள் என்று அவன் சொன்னால் நமக்குப் பழமொழி நினைவுக்கு வருகிறது. நான் என்று சொன்னால் அவனை மெச்சுகிறோம். இரண்டுமே அவசரம்.

மட்டமான சைக்கிள் ஒரு அடைக்கலமும்கூட. நல்ல சைக்கிளில் தோற்றவனுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. இவன் தோல்விக்கோ நிச்சயமான சொந்தக்காரன் கிடையாது. இந்த வசதிக்காகவே கருவியைச் சீர்ப்படுத்தாமல் விட்டுவைக்கிறவர்கள் உண்டு. எழுதுகிறவர்களிலும் உண்டு. காகிதம் மட்டம், அச்சு மோசம், வாசகன் இல்லை என்பதெல்லாம் உண்மை. உண்மையாக இருப்பதால்தான் அவை இத்தனை சௌகரியமான சாக்குகளாகவும் இருக்கின்றன.

எதிர்த் திசையில் ஒரு சம்பவம். 2016 ஜனவரியில் பெல்ஜியத்தின் ஸோல்டரில் நடந்த உலகப் பந்தயத்தில், 23 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில் கலந்துகொண்ட ஃபெம்கெ வான் டென் ட்ரீஸ்ஸேயின் மாற்று சைக்கிளின் குழாய்க்குள் ஒரு மோட்டார் ஒளிந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அந்தச் சைக்கிள் தன்னுடையது அல்ல, நண்பர் ஒருவருடையது என்றார் அவர். விசாரித்தவர்கள் ஏற்கவில்லை. ஆறு ஆண்டுத் தடையும் 20,000 ஸ்விஸ் ஃப்ராங்க் அபராதமும் விதித்தார்கள். மோட்டாரைவிட அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைக்கிறது. தோல்வியைக் கருவியின் கணக்கில் எழுதுவதும், கருவியே எனதல்ல என்பதும் ஒரே இலக்கணத்தில் அமைந்தவை. சங்கடம் வரும் கணத்தில் 'என்னுடையது' என்ற சொல் சுருங்கிவிடுகிறது.

மட்டமான சைக்கிள்காரனுக்கு வேறு வாங்க வசதியில்லாமல் இருக்கலாம். அது அவன் தேர்வல்ல. ஆனால் தெரிந்தே அதோடு கோட்டில் வந்து நின்றது அவன் தேர்வு. அந்தக் கணத்திலேயே சைக்கிளின் குறையும் அவனுடைய செயலின் பகுதியாகிவிட்டது. ஆகவே, தோற்றது நான்தான் என்று அவன் சொல்வது வீறாப்பு அல்ல, துல்லியம்.

ஆனால் இந்தத் துல்லியம் அவன் வாயில் இருக்கும் வரைக்கும்தான். கயிற்றுக்கு இப்புறம் நின்று பார்க்கிற நாம் அதையே திருப்பிச் சொல்லி, தோற்றது நீதான் என்றால் அது பொய்யாகிவிடுகிறது. அவன் சொன்னால் சாக்காகிற அதே உண்மையை நாம் சொல்லியாக வேண்டும். நம்மிடத்தில் அது நியாயம். நம் விமர்சனத்தில் பெரும்பாலும் நடப்பது இதன் தலைகீழ். ஆடுகிறவன் கூடம் கோணல் என்கிறான். பார்க்கிறவன் ஆடத் தெரியாது என்கிறான். இருவரும் மற்றவர் சொல்லவேண்டியதைத் தாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கிடையே மூன்றாவதாக ஒருவன் தப்பித்துக்கொள்கிறான். டயரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன், சைக்கிள்களை எண்ணாமல் விட்டவன். கூடத்தைக் கட்டியவனைப் பற்றிப் பழமொழியில் ஒரு சொல்கூட இல்லை.