கொடுக்க முடியாத புத்தகம்

சமண இல்லறத்தாருக்கு உரிய ஐந்து அணுவிரதங்களில் கடைசியானது மிகுபொருள் விரும்பாமை. துறவிகள் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். குடும்பத்தில் இருப்பவர்களால் அது ஆகாது என்பதால், இவ்வளவு போதும் என்று ஓர் அளவு வைத்துக்கொள்ளச் சொல்கிறது மரபு. நிலம், வீடு, பொன், பாத்திரம், துணிமணி என்று ஒவ்வொன்றுக்கும் எல்லை கட்டிக்கொண்டு, அதற்கு மேல் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும். வந்தவாசிப் பக்கம் எங்கள் நயினார் குடும்பங்களில் வயதான பிறகு இந்த விரதத்தை முறையாக எடுத்துக்கொள்கிறவர்கள் இன்றும் உண்டு. பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற நானும் எடுத்துக்கொள்ளத் தீர்மானித்து, என் உடைமைகளை ஒரு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். புத்தகங்கள் என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அலமாரியில் உள்ளவற்றை எழுதிவிடலாம். டேப்லெட்டில் இருக்கும் மின்னூல்களை என்ன செய்வது? எல்லாம் காசு கொடுத்து வாங்கியவைதான். ஆனால் அவை என் உடைமையா?

இந்தக் கேள்வி எனக்குள் எழக் காரணம் ஒரு பரிசு. டொராண்டோவில் இருக்கும் என் மகள், அங்கே ஒரு கடையில் மின்னூல் வாங்குவதற்கான பரிசு அட்டையை எனக்காக வாங்கி, அதன் எண்ணை அனுப்பிவைத்தாள். சமணச் சுவடிகளைப் பற்றி அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று வெளியிட்ட ஆய்வு நூல் ஒன்று என் கணக்கில் கிடைக்கவே இல்லை என்று அவளிடம் சொல்லியிருந்தேன். எண்ணை உள்ளிட்டால், கனடாவில் வாங்கிய அட்டை இந்தியக் கணக்கில் செல்லாது என்று வந்தது. உதவி எண்ணில் பேசிய பெண் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், உங்க கணக்கோட நாட்டை மாத்திக்கலாம். அதுக்கு அந்த நாட்டு விலாசமும், அங்கே செல்லுபடியாகிற கார்டும் வேணும். இந்தக் கணக்குல மீதிப் பணம் இருக்கக் கூடாது" என்றார். என் கணக்கில் 11 ரூபாய் மீதி இருந்தது. அந்தப் பணத்துக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. இன்னொன்றும் சொன்னார்: நாட்டை மாற்றிய பிறகு, முன்பு வாங்கியவற்றில் சில அந்த நாட்டுக் கடையில் இல்லையென்றால் மறுபடி தரவிறக்க முடியாமல் போகலாம். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கூடத் தன் பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். விலை கொடுத்து வாங்கியவளுக்கு அந்த உரிமைகூட இல்லை.

மகளிடம் சொன்னபோது அவள் சுலபமாக ஒரு வழி சொன்னாள்: "அம்மா, என் வீட்டு விலாசத்தையே போட்டுடுங்க. யாரு வந்து பார்க்கப் போறாங்க?" பலர் செய்வது அதுதான். வி.பி.என் போட்டு வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டுகிறார்கள். தெரிந்தவர் விலாசத்தைக் கொடுக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஐந்து விரதங்களில் பொய்யாமையும் ஒன்று. நான் திருடவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. முழு விலையும் கொடுத்து ஒரு புத்தகத்தைப் படிக்க விரும்புகிறவள், தான் வசிக்காத ஊரில் வசிப்பதாக எழுதிக் கொடுத்தால்தான் படிக்கலாம் என்றால், அந்த ஏற்பாட்டில் அறம் சார்ந்த கோளாறு இருக்கிறது. நேர்மையாக நடக்கிறவருக்குக் கதவை அடைத்து, பொய் சொல்பவருக்குத் திறக்கும் விதி எதுவானாலும் அது திருத்தப்பட வேண்டிய விதி. நான் விலாசத்தைப் போடவில்லை. அட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

இந்த வேலிகளுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நூலின் உரிமையை நாடு நாடாகப் பிரித்து விற்பது பதிப்புத் தொழிலின் பழைய வழக்கம். அமெரிக்காவுக்கு ஒருவர், பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இன்னொருவர் என்று உரிமை பிரியும்போது, ஒருவர் எல்லைக்குள் மற்றவர் விற்க முடியாது. அதனால் நமக்கு நன்மையும் உண்டு. நம் கல்லூரிப் பிள்ளைகள் படிக்கும் பல பாடநூல்கள், இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டுமே விற்பனைக்கு என்று அட்டையில் அச்சிட்டு, வெளிநாட்டு விலையைவிட மிகக் குறைவாகக் கிடைக்கின்றன. டிவிடி வந்தபோது உலகத்தையே ஆறு மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா முதலாவது, நாம் ஐந்தாவது. படத்தை ஊர் ஊராக வெவ்வேறு நாளில் வெளியிட அது அவர்களுக்கு உதவியது.

அச்சுப் புத்தகத்தில் அந்த வேலி விற்பனையோடு முடிந்துவிடும். காசு கொடுத்த பிறகு புத்தகம் வாங்கியவருடையது. சுபாப் கிர்ட்செங் என்ற தாய்லாந்து மாணவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். ஊரில் உறவினர்கள் மலிவாக வாங்கி அனுப்பிய ஜான் வைலி நிறுவனப் பாடநூல்களை அமெரிக்காவில் விற்றார். நிறுவனம் வழக்குப் போட்டது. வேறு நாட்டில் அச்சிட்டதானாலும் முறையாக வாங்கிய பிரதியை விற்க வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று 2013-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின்னூலுக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. படித்து முடித்த மின்னூலை இன்னொருவருக்கு விற்க அனுமதி இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் கூறிவிட்டது. கடையில் பணம் கட்டும்போது நாம் பெறுவது படிக்கும் அனுமதி மட்டும்தான். அந்த அனுமதிக்கு ஒரு பெயர், ஒரு நாடு. அந்தப் பெயரையும் நாட்டையும் தாண்டி அது போகாது.

அனுமதி திரும்பப் பெறப்படவும் கூடும். 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984', 'அனிமல் ஃபார்ம்' இரண்டையும் கிண்டிலில் வாங்கியிருந்த அமெரிக்க வாசகர்களின் கருவிகளிலிருந்து அமேசான் அவற்றை நீக்கியது. விற்றவருக்கு அமெரிக்க உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள். பிறகு நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆர்வெல் இறந்தது 1950 ஜனவரியில். அதனால் கனடாவில் அவர் நூல்கள் 2001 முதலே பொதுவுடைமை. இந்தியாவில் 2011 முதல். பிரிட்டனில் 2021 முதல். '1984' அமெரிக்காவில் 2044 முடியும்வரை பதிப்புரிமைக்குள் இருக்கும். ஒரே எழுத்து, எந்த மண்ணில் நின்று படிக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒருவருக்குப் பொதுச்சொத்து, இன்னொருவருக்கு அத்துமீறல்.

எங்கள் மரபில் நான்கு தானங்களைச் சொல்வார்கள்: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். நூலைக் கொடுப்பது பசித்தவருக்குச் சோறு போடுவதற்குச் சமமான அறம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னனின் சாந்தி புராணத்தை ஆயிரம் பிரதி எழுதுவித்துத் தானமாகக் கொடுத்தார். கிர்நார் குகையில் இருந்த ஆசாரியர் தரசேனர், தம்மோடு ஆகமம் அழிந்துபோகுமே என்று தென்னாட்டுத் துறவிகளுக்குச் செய்தி அனுப்பினார் என்றும், புஷ்பதந்தர், பூதபலி என்ற இருவர் சென்று கற்றார்கள் என்றும், பூதபலி திராவிட நாட்டில் தங்கி அதை எழுதி முடித்தார் என்றும் சொல்வார்கள். அந்த நூல் நிறைவடைந்த நாளைத்தான் சுருதபஞ்சமி என்று ஏட்டுக்குப் பூசை செய்து கொண்டாடுகிறோம். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ.வே.சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத்தான் அதன் பொருளைத் தெளிந்துகொண்டார். அவர் சைவர் என்பதற்காக யாரும் கதவைச் சாத்தவில்லை.

எங்கள் வரலாற்றிலும் பூட்டு இருந்தது. அதே ஆகமத்தின் ஓலைச்சுவடிகள் கர்நாடகத்து மூடுபித்ரியில் சமண மடத்தின் பொறுப்பில் பல நூற்றாண்டு பாதுகாப்பாக இருந்தன. வந்தவர்கள் தொலைவில் நின்று தரிசித்துப் போனார்கள், படிக்க வழியில்லை. பிரதி எடுக்கச் சென்றவர் ரகசியமாக இன்னொரு பிரதியும் எடுத்து, அது வெளியே போனதால்தான் 1939-இல் ஹீராலால் ஜெயின் முதல் தொகுதியை அச்சில் கொண்டுவர முடிந்தது. காப்பாற்றியவர்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் பூட்டியே வைத்திருந்தால் அந்த ஞானத்தால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வியை, மடத்திடம் கேட்பதைப் போலவே கடையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

என் அலமாரியில் 1936-இல் அ.சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்த நீலகேசி இருக்கிறது. முதல் பக்கத்தில் மூன்று பெயர்கள். மேலே இருப்பது பெருக்கல் குறியிட்டு அடிக்கப்பட்ட யாரோ ஒருவரின் பெயர், நீல மை வெளிறிப் பழுப்பாகிவிட்டது. அதற்குக் கீழே என் அப்பா பெயர். அதற்கும் கீழே என் பெயர், அவரே எழுதியது. ஓரங்களில் யாரோ பென்சிலால் போட்ட சந்தேகக் குறிகள். சிலவற்றுக்கு அப்பா பக்கத்திலேயே விடை எழுதியிருக்கிறார். ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர், சாங்கியர், வேதவாதி என்று எல்லோரோடும் வாதம் செய்த ஒரு பெண்ணின் கதை அது. அந்தப் புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கலாம், டொராண்டோவுக்கும் அனுப்பலாம். மின்னூலில் நான் குறித்து வைத்தவை என் கணக்கோடு முடிந்துவிடும். பெரும்பாலான கடைகளின் விதிப்படி, வாங்கியதை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. என் காலத்துக்குப் பிறகு மகளுக்கும் அது போய்ச் சேராது.

சிலர் இதை வேறு மாதிரி பார்ப்பார்கள். உடைமை குறைவதுதானே விரதம், உனதல்லாத பொருள் இருந்தால் துறப்பது எளிது அல்லவா என்று என்னிடம் கேட்டவர் உண்டு. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமி இதற்கு விடை வைத்திருக்கிறார். உடைமை என்று அவர் சொல்வது பொருளை அல்ல, பொருளின் மேல் உள்ள பற்றை. அந்த அளவுகோலால் பார்த்தால் மின்னூல் கடை எனக்குச் செய்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. பொருளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பற்றை மட்டும் என்னிடம் விட்டிருக்கிறது. தேடித் தேடி வாங்குகிறேன். போய்விடுமோ என்று பயப்படுகிறேன். கணக்கைக் கட்டிக் காக்கிறேன். ஆனால் அந்தப் பற்றை அறுப்பதற்கு மரபு காட்டிய வழி, கொடுப்பது. அந்த வழியைத்தான் கடை அடைத்துவிட்டது. கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறவர் துறக்கிறார். கொடுக்கவே முடியாததை வைத்திருப்பவர் வெறுமனே இழக்கிறார். என் நோட்டில் மின்னூல்களை உடைமைப் பட்டியலில் எழுதவில்லை. பற்றுகள் என்று தனியாக ஒரு பக்கம் போட்டு அங்கே எழுதினேன். கொடுக்க முடியாத நூலை இனி வாங்குவதில்லை என்றும் அதன் கீழே எழுதினேன்.

ஒருத்தியின் விரதத்தால் விதி மாறாது. அரசுகள் செய்ய முடியும், செய்தும் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஏப்ரல் முதல், தன் நாட்டில் சந்தா கட்டிய படத்தையும் பாட்டையும் வேறு உறுப்பு நாட்டுக்குப் போயிருக்கும்போதும் பார்க்கலாம், கேட்கலாம். கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம்தான் என்பதை வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 2010-இன் பதிப்புரிமைத் திருத்த மசோதாவில், வெளிநாட்டுப் பதிப்புகளைத் தாராளமாக இறக்குமதி செய்ய வழிவிடும் ஒரு பிரிவு இருந்தது. பதிப்பாளர்கள் எதிர்த்தார்கள், 2012-இல் சட்டம் நிறைவேறியபோது அது இல்லை. அந்த விவாதத்தை மறுபடி தொடங்க வேண்டும். நாட்டுக்கு நாடு விலை மாறட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய நூல் வாங்கியவரோடு நாடு மாறவும், பரிசாகப் போகவும், வாரிசுக்குச் சேரவும் சட்டம் வழிசெய்ய வேண்டும். அதுவரை வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஒரு மின்னூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன், இதை நான் யாருக்காவது கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால், அதே நூல் அச்சில் கிடைத்தால் அச்சிலேயே வாங்குங்கள்.