இறைச்சிப் பூங்கொத்து

கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, 15 வயது மகள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். திரையில் ஒரு பூங்கொத்து. கருஞ்சிவப்பு ரோஜாக்கள், சுற்றிலும் பச்சை இலைகள், கீழே ஒரு நாடா. உற்றுப் பார்த்தால் ஒவ்வோர் இதழும் உலர்த்திய மாட்டிறைச்சி.

"ஃப்ரெண்டோட பிறந்தநாளுக்கு இதைச் செஞ்சு குடுக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் செய்யத் தெரியுமாப்பா?"

தெரியும். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை செய்திருக்கிறேன், யங்கோனில், 2016 டிசம்பரில். அதை ஏன் மறுபடி செய்யவில்லை என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கியபோதுதான், இத்தனை வருடங்களாக எனக்கே அதைச் சரியாகச் சொல்லிக்கொள்ளவில்லை என்று தெரிந்தது.

இதுபோன்ற பூங்கொத்துகள் இன்று பல நாடுகளில் வியாபாரம். அமெரிக்காவில் காதலர் தினத்துக்கு விற்கிறார்கள். ரஷ்யாவில் பிப்ரவரி 23 அன்று ஆண்களுக்குத் தொத்திறைச்சியும் கருவாடும் கட்டிய கொத்துகளைக் கொடுக்கிறார்கள். பூ எதற்கும் உதவாது, அதனாலேயே அது சுத்தமான பரிசு. அந்த இடத்தில் வயிற்றுக்கான பொருளை வைத்தால் சிரிப்பு வருகிறது. நானும் அந்தச் சிரிப்பைத்தான் விரும்பினேன்.

நான் யங்கோனுக்குப் போனது 2014இல். அதுவரை பல நூறு டாலருக்கு விற்ற சிம் அட்டை 1500 சாட்டுக்கு இறங்கிய வருடம். செல்பேசிக் கட்டணத்துக்கான மென்பொருளை நிறுவும் வேலை. எனக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியம் இல்லை, அப்பா பிறந்த ஊர். 1964இல் கடைகள் நாட்டுடைமை ஆனதும் தாத்தா குடும்பத்தோடு கப்பலேறி மெட்ராசில் இறங்கினார். வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் பர்மா என்பது அத்தோவும் பெருமூச்சும். அனவ்ரதா சாலையில், 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் கோபுரத்தின் முன் முதன்முறை நின்றபோது, ஊரைப் பற்றி எனக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்ற ஒரு மிதப்பு வந்தது. நடந்த தவறில் அந்த மிதப்புக்கும் பங்கு உண்டு.

எங்கள் அலுவலகத்தின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பதைக் கடந்த ஒரு பர்மியப் பெண். எல்லோரும் அவரை 'அமா' என்றே கூப்பிடுவார்கள். அமா என்றால் அக்கா. விசா, வீடு, மழைக்காலத்தில் வாடகைக் கார் என்று எல்லாவற்றுக்கும் அவர்தான். இரண்டு வருடம் மதியச் சாப்பாட்டை ஒரே மேசையில் சாப்பிட்டோம். தன் அடுக்கு டிபன் கேரியரை நடுவில் வைத்து, மீன் குழம்பையும் தேயிலைச் சாலடையும் எனக்குத் தள்ளுவார். யாராவது பூ வாங்கி வந்தால், "பூ புத்தருக்கு. எனக்கு என்றால் சாப்பிட ஏதாவது கொடுங்கள்" என்பார். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் நெருங்கியபோது இந்த வாக்கியம்தான் எனக்கு நினைவில் இருந்தது.

ஒரு முஸ்லிம் இறைச்சிக் கடையில் எலும்பில்லாத மாட்டுக்கறி வாங்கினேன். பாதி உறையவைத்து, நூல்வாக்கில் மெல்லிய தகடுகளாகச் சீவி, சோயா சாஸ், மிளகு, பனைவெல்லத்தில் ஓர் இரவு ஊறவைத்தேன். மறுநாள் சின்ன மின் அடுப்பில் கதவைச் சற்றே திறந்துவைத்து, 70 பாகை வெப்பத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் காயவைத்தேன். சூடு ஆறுவதற்குள் சுருட்டினால்தான் இதழ் நிற்கும். ஆறிவிட்டால் முறிகிறது, ஈரம் மிஞ்சினால் தொங்குகிறது. மூங்கில் குச்சியில் செருகி, கீரை இலைகளால் சுற்றி, 12 பூக்கள் தேறியபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. இவ்வளவு மெனக்கெட்டதே அன்புக்கு அத்தாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிவுபசார விழாவில் அமா அதை இரண்டு கைகளாலும் வாங்கினார். தலை தாழ்த்தி நன்றி சொன்னார். படம் எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு நொடி தாமதமாக வந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. அமா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கறி எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" ஆர்வத்தில் கேட்கிறார் என்று நினைத்து, கடையின் பெயரைப் பெருமையாகச் சொன்னேன்.

இரவு கிளம்பும்போது கீழே காவலாளி பாய் தேநீரோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்தவர். மூன்றாவது தலைமுறையிலும் தமிழ் விடவில்லை. அவர் கையில் என் ரோஜா ஒன்று, பாதி கடித்தபடி.

"பலே ருசி தம்பி. அமா குடுத்தாங்க. நம்ம ஆளு கடைதான், ஹலால்தான், தைரியமா சாப்பிடுங்கன்னாங்க."

"அவங்க எடுத்துக்கலையா பாய்?"

அவர் என்னைச் சற்றுநேரம் பார்த்தார். "அவங்க மாட்டுக்கறி தொட மாட்டாங்களே தம்பி. உங்களுக்குத் தெரியாதா?"

இரண்டு வருடம் அந்த டிபன் கேரியரிலிருந்து சாப்பிட்டவன் நான். அதில் கோழி இருந்தது, மீன் இருந்தது, பன்றி இருந்தது. மாடு ஒருநாளும் இருந்ததில்லை. இருப்பதைக் கவனிக்கிறோம், இல்லாததை யார் கவனிக்கிறார்கள்? இத்தனைக்கும் சென்னையில் என் அம்மாவும் மாட்டிறைச்சி தொடமாட்டார். வெளிநாட்டில் முதுகலை படிக்கப் போன இடத்தில் நான் அதைச் சாப்பிடப் பழகியது அவருக்குத் தெரியும். ஆனாலும் அம்மாவுக்கு இப்படியொரு பரிசைக் கனவிலும் கொடுத்திருக்க மாட்டேன். அது 'நம்முடைய' விஷயம், பௌத்தர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

இருக்கிறது. உழவை நம்பிய பர்மியக் குடும்பங்கள் பலவற்றில் மாட்டிறைச்சி உண்பதில்லை. ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்த 1885இல் லெடி சயாடோ என்ற பெரும் பிக்கு, மாட்டைக் கொல்லாதீர்கள், தின்னாதீர்கள் என்று மக்களுக்கு ஒரு நெடிய மடல் எழுதினார். மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனபோது அமா லெடி சயாடோவைப் பற்றிப் பேசவில்லை. தாத்தாவின் எள்ளுக் காட்டையும் இரண்டு எருதுகளையும் பற்றிச் சொன்னார். "அவை உழுதுதான் எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனார். அந்த நன்றியை நாங்கள் இன்னும் முடிக்கவில்லை."

பிறகு அவரே சிரித்து என் சங்கடத்தைக் கலைத்தார். "பன்றியில் செய்திருந்தாலும் இந்த மாதம் முடியாது. போப்பா மலைக்குப் போகிறேன்." போப்பா மலையின் தாய்த்தெய்வம் ஓர் அரக்கி, பூக்களை மட்டுமே உண்பவள். 11ஆம் நூற்றாண்டில் பகானை ஆண்ட அனவ்ரதா மன்னனுக்குத் தினமும் அந்த மலையிலிருந்து பூக் கொண்டுபோன பியத்தா என்ற முஸ்லிம் வீரன் அவளைக் காதலித்தான், பூவோடு தாமதமாகப் போனான், உயிரை இழந்தான். அவனுக்காக அந்த மலைக்குப் பன்றி இறைச்சி கொண்டுபோகக் கூடாது. "எங்கள் தாய் கறியை விட்டுப் பூவைத் தின்றாள். நீங்கள் கறியைப் பூவாக்கிக் கொண்டுவந்தீர்கள்" என்றார் அமா.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பர்மியர்களிடம் 'ஆ-நா-தெ' என்றொரு சொல் உண்டு. ஆ என்றால் பலம், நா என்றால் நோவு. எதிராளியின் மனம் நோகுமே என்று தன் விருப்பத்தை விழுங்கிக்கொள்வது. நாம் தாட்சண்யம் என்போம், குறள் கண்ணோட்டம் என்கிறது. பழகியவர் கொடுப்பது நஞ்சு என்று தெரிந்தும் வாங்கிக் குடிப்பவரைக்கூட அந்த அதிகாரத்தில் வள்ளுவர் காட்டுகிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் குடித்தவரின் பெருந்தன்மையைத்தான் வியந்திருக்கிறேன். ஊற்றியவன் யார் என்று கேட்டதே இல்லை. அந்த டிசம்பரில் ஊற்றியவன் நான்.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட முதல் சமாதானம் கண்ணப்பர். காளத்தியில் வேடர் குலத்துத் திண்ணன் தலைமுடியில் பூவைச் செருகி, வாயில் நீரை நிரப்பி, கையில் வெந்த கறியோடு மலை ஏறினான். பூவும் இறைச்சியும் சேர்ந்த படையலுக்கு அதைவிடப் பழைய முன்னுதாரணம் தமிழில் எனக்குத் தெரியாது. ஆகமமும் தெரியாது, ஆசாரமும் தெரியாது, அன்பு மட்டும் தெரியும். அது போதும் என்று கடவுளே சொன்ன பிறகு எனக்கு என்ன குறை?

குறை இருக்கிறது. போதும் என்று சொன்னது பெற்றுக்கொண்டவர், கொடுத்தவன் இல்லை. அந்த உரிமையைத் திண்ணன் தனக்குத்தானே வழங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு துண்டையும் கடித்துப் பார்த்து, நன்றாக இருந்ததை மட்டும் எடுத்து வைத்தான். இவருக்கு இது ஏற்குமா என்ற கவலைதான் அவன் பூசை. நான் என் பூவின் வடிவத்தைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டேன். கடைசியில் அவன் கொடுத்ததோ தன் கண்ணை, தன் சதையை. நான் கொடுத்தது யாருடைய சதை? எங்கோ உழுது ஓய்ந்த ஒரு மாட்டினுடையதாக இருக்கலாம். அதை ரோஜாவாகச் சுருட்டியபோது அது மாடு என்பதே எனக்கு மறந்திருந்தது. வேடிக்கைப் பரிசுகளின் வேலையே அந்த மறதி என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டாவது சமாதானம் இன்னும் நாசூக்கானது: இந்த விலக்குகளெல்லாம் நல்லவைதானா, இவற்றை நான் ஏன் மதிக்க வேண்டும்? கேள்வி நியாயமானதுதான். அந்த வருடங்களில் ஐராவதி வட்டாரத்தில், மாடு வெட்டும் உரிமங்களை முஸ்லிம்களிடமிருந்து பறிக்க, தேசியவாதப் பிக்குகள் முன்னின்ற இயக்கம் ஒன்று தீவிரமாக வேலை செய்தது. 2015 செப்டம்பரில் தில்லிக்கு அருகே தாத்ரியில், வீட்டில் மாட்டிறைச்சி இருக்கிறது என்ற வதந்தியை நம்பி ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். மாட்டின் மேல் உள்ள நன்றி மனிதனின் மேல் தடியாக இறங்குவதைப் பார்த்த பிறகு, விலக்கு என்ற சொல்லே எனக்குக் கசந்திருந்தது.

ஆனால் அமா என்ன செய்தார்? தன் வாயை மட்டும் கட்டிக்கொண்டார். அது போகட்டும். கறி எந்தக் கடை என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை ஹலால் பார்க்கும் ஒரு மனிதரிடம், அவர் கேட்காமலே அந்த உறுதியையும் சேர்த்துக் கொடுத்தார். எந்தச் சமூகத்தின் இறைச்சிக் கடைகளுக்கு எதிராக ஊரில் கூட்டம் கூட்டினார்களோ, அந்தச் சமூகத்து மனிதருக்குத் தன் பரிசைப் பகிர்ந்தார். தனக்கு இட்டுக்கொண்டால் விரதம், அடுத்தவருக்குப் போட்டால் விலங்கு. அந்த வேறுபாட்டை அவர் யாருக்கும் உபதேசிக்கவில்லை.

புத்தரின் கடைசி உணவைக் கொடுத்தவர் சுந்தர் என்ற கொல்லர். அது பன்றி இறைச்சியா, காளானா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். அதைத் தனக்கு மட்டும் பரிமாறச் சொல்லிவிட்டு, மிச்சத்தைப் புதைக்கச் சொன்னார் புத்தர். உண்டபின் கடுமையாக நோயுற்றார். சாகும் தறுவாயில் ஆனந்தரிடம் அவர் சொன்னவற்றில் ஒன்று, சுந்தர் மனம் வருந்தாதபடி பார்த்துக்கொள், அவர் அளித்த உணவு பெரும் புண்ணியம் என்பது. பிழையான பரிசு வந்து சேரும்போது, கொடுத்தவரின் மானத்தையும் பெறுபவரே காக்கவேண்டியிருக்கிறது. அன்று அமா எனக்குச் செய்ததும் அதுதான். அந்த வேலையை அவருக்கு வைத்தது என் பிழை.

தமிழில் இறைச்சி என்பதற்குக் கறி என்பதைத் தவிர இன்னொரு பொருளும் உண்டு. தொல்காப்பியர் அதை, சொன்ன சொல்லுக்குப் புறத்தே நிற்கும் குறிப்புப் பொருளுக்குப் பெயராக வைத்தார். "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று அமா கேட்டதன் இறைச்சி எனக்கு அன்று பிடிபடவில்லை. நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நான் கேட்கவில்லை, அவர் கேட்டார். அன்றைக்கு உண்மையில் பரிசு கொடுத்தவர் அவர்தான்.

இதையெல்லாம் இவ்வளவு நீளமாக மகளிடம் சொல்லவில்லை. அமாவின் கதையையும் கண்ணப்பர் கதையையும் மட்டும் சொன்னேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "கேட்டுட்டுக் குடுத்தா சர்ப்ரைஸ் போயிடுமேப்பா?"

போகும்தான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அமாவிடம் கேட்டிருந்தால் எனக்கு அவருடைய தாத்தாவின் எருதுகளைப் பற்றி முன்பே தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னேன். 2021 பிப்ரவரிக்குப் பிறகு அவரிடமிருந்து செய்தி வருவது அரிது. வந்தாலும் இரண்டு வரி. நலம் என்று எழுதுவார். அதிலும் இறைச்சி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மகள் தன் தோழிக்குச் செய்தி அனுப்பினாள். மாட்டிறைச்சி சாப்பிடுவாள், மிளகாய் அதிகம் வேண்டாம் என்று பதில் வந்தது. இணையத்தில் வாங்கலாம் என்றாள். வேண்டாம் என்று சொல்லி, மெல்பர்னில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து இறைச்சிக் கடைக்கு அவளைக் கூட்டிப்போனேன். அன்று மாலை பாதி உறைந்த கறியைப் பலகையில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"இது மாட்டோட எந்தப் பகுதிப்பா?"

கத்தியை வைத்துவிட்டு, என் தொடையின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன்.