காத்திருந்த காதுகள்

2016 மார்ச் 25. கியூபாவின் தலைநகர் ஹவானாவில், சியுதாத் டெபோர்ட்டிவா மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரி. அனுமதி இலவசம். லட்சக்கணக்கில் மக்கள் திரண்டார்கள். 1962-ல் லண்டனில் தொடங்கிய ராக் இசைக்குழு அது. பாடகர் மிக் ஜாகருக்கு அப்போது வயது 72.

கூட்டத்தில் நரைத்த தலைகள் ஏராளம். அவர்களின் இளமையில் கியூபா அரசு ராக் இசையை எதிரியின் இசையாகவே பார்த்தது. கைமாறி வந்த இசைத்தட்டுகளைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டவர்கள் அவர்கள். அன்று இரவு அதே பாட்டுகளைத் திறந்தவெளியில், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொண்டை கட்டும்வரை பாடினார்கள். இங்கே எங்கள் இசையைக் கேட்பது ஒரு காலத்தில் கடினமாக இருந்தது என்று ஜாகர் ஸ்பானிய மொழியிலேயே சொன்னபோது மைதானமே ஆர்ப்பரித்தது.

இசைத்தட்டில் இருக்கும் பாட்டுக்கு வயதாவதில்லை. பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் வயதாகிறது. இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்திக்கக் கிடைப்பது பெரும் பேறு. ஹவானா மேடையில் டிரம்ஸ் வாசித்த சார்லி வாட்ஸ் 2021-ல் மறைந்துவிட்டார். அன்று நேரில் கேட்டவர்களுக்குக் கிடைத்ததை இனி யாராலும் தர முடியாது.

உங்கள் மனதுக்குப் பிடித்த மூத்த கலைஞர் ஒருவர் பாட வருகிறார் என்றால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். போய்க் கேளுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.